நாற்பத்தெட்டரை சென்டிமீட்டர் முழங்கை

என் இடது முழங்கை எப்படி உடைந்தது என்பதற்கு மூன்று கதைகள் உலவுகின்றன. மூன்றையும் நானே சொல்லியிருப்பதால் மூன்றுமே உண்மை என்று வைத்துக்கொள்ளலாம். முதல் கதையில் ஒரு காட்டுப்பன்றி வருகிறது. இரண்டாவதில் காட்டுப்பன்றியும் அதன் குடும்பமும் வருகின்றன. மூன்றாவது மருத்துவமனைச் சீட்டில் உள்ளது: ‘மரவேரில் இடறி சைக்கிளிலிருந்து விழுந்தார்.’ இதில் சுவாரசியம் போதாது என்பதால் டாக்டரைத் தவிர வேறு யாரிடமும் இதை நான் சொன்னதில்லை.

அந்த சைக்கிளை வாங்கிக் கொடுத்தவள் என் மருமகள். பிசியோதெரபிஸ்டாக இருப்பவள். நான் எடை, அளவு ஆய்வாளராக முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற மூன்றே மாதத்தில் எங்கள் வீட்டுச் சமையலறைத் தராசு, மருந்து மூடி, சுவர்க்கடிகாரம், தண்ணீர்க் கேன் எல்லாவற்றையும் சோதித்து, ஒவ்வொன்றின் மேலும் எவ்வளவு தவறு என்று சீட்டெழுதி ஒட்டிவிட்டேன். மருமகள் நடக்கும் வேகத்தை அளக்க நான் கூடத்தில் கோடு போட்ட மறுநாள் சைக்கிள் வந்து இறங்கியது.

“மாமா, இது மலை ஏறி இறங்குற வண்டி. காலையில கிளம்பினா மத்தியானத்துக்குத்தான் திரும்ப முடியும்” என்றாள். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் முகத்தில் தெரிந்த ஒளியை நான் அன்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

இதில் மனம் நொந்தவர் ஒருவர்தான். அவளைப் பெற்ற அப்பா, அதாவது என் சம்பந்தி. ஓய்வு பெற்ற பல் டாக்டர். அவரிடமும் ஒரு மலை சைக்கிள் உண்டு. பிரேக் பிடித்தால் அது நிற்பதற்கு முன் யோசிக்கும். “பெத்த அப்பனுக்கு ஒரு பெல்லு வாங்கித் தரலை. மாமனாருக்கு வண்டியே வருது” என்று அவர் என் வீட்டு வாசலில் வைத்துத்தான் சொன்னார். சொல்லிக்கொண்டே என் வண்டியின் கியரைத் தடவிப் பார்த்தார். அவர் கண் வண்டி மேல் விழுந்தது அன்றுதான். வேர் மேல் நான் விழுந்தது அதற்கு அடுத்த ஞாயிறு.

மாவுக்கட்டு பிரித்த அன்று என் மனைவி தீர்ப்புச் சொன்னாள். இருபத்தாறு வருடம் ஒரு வக்கீல் அலுவலகத்தில் ஒப்பந்தம் தட்டச்சு செய்தவள். அவள் வாயிலிருந்து பேச்சு வராது, ஷரத்துதான் வரும்.

“ஒண்ணு, ரெண்டு முழங்கையிலயும் கவசம் இருக்கணும். ரெண்டு, அது நழுவக் கூடாது. மூணு, அதைப் போட்டுக்கிட்டு நீங்க புலம்பக் கூடாது.”

“மூணாவது எதுக்கும்மா?”

“புலம்ப ஆரம்பிச்சா பத்து நிமிஷத்துல கழட்டிருவீங்க. அன்னிக்கு ஹெல்மெட் எங்க இருந்துச்சு? தலையிலயா இருந்துச்சு? ஹேண்டில்பார்ல தொங்குச்சு. அந்த விபத்துல அடிபடாதது அது ஒண்ணுதான்.”

“சரி.”

“மூணுல எது தவறினாலும் வண்டி சம்பந்தி வீட்டுக்குப் போயிடும். அவர்கிட்ட சொல்லிட்டேன்.”

சம்பந்தி அதற்குள் தன் வீட்டில் வண்டி நிறுத்த இடம் ஒழித்து வைத்துவிட்டதாக மருமகள் சொன்னாள்.

ஐந்து வாரத்தில் ‘அறுபது கடந்தோர் மலையிறக்கம்’ என்று ஒரு போட்டி இருந்தது. ஊருக்குப் பின்னால் உள்ள குன்றின் மண்பாதையில் உச்சியிலிருந்து அடிவாரம் வரை வர வேண்டும். நான் பெயர் கொடுத்திருந்தேன். சம்பந்தியும் கொடுத்திருந்தார். ஆகவே ஐந்து வாரத்துக்குள் எனக்குத் தேவைப்பட்டவை இரண்டு கவசங்கள். அவை இறுக்கவும் கூடாது, நழுவவும் கூடாது, நான் அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் கூடாது.

முதல் ஜோடியை வீட்டுப் பக்கத்திலிருக்கும் விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கினேன். “என்ன சைஸ்?” என்று கேட்டேன். “ஃப்ரீ சைஸ் சார், எல்லாருக்கும் சேரும்” என்றார் கடைக்காரர். முப்பத்தோரு வருடம் இந்தச் சொல்லை எழுதி வைத்த கடைகளுக்குள் புகுந்து புறப்பட்டவன் நான். கையால் துணி அளந்த எத்தனையோ பேரை நிறுத்தி, “கை ஆளுக்கு ஆள் மாறும்யா. அளவுகோல் மாறாது” என்று பாடம் நடத்தியிருக்கிறேன். இருந்தும் வாங்கினேன். ஆசை கண்ணை மறைத்தது.

அது எல்லாருக்கும் சேருமோ என்னவோ, கை உள்ளவர்களுக்குச் சேரவில்லை. போட்டுக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்தேன், புலம்பாமல். விரல்கள் முதலில் சிவந்தன, பிறகு நீலமாயின, பிறகு எனக்குச் சொந்தமில்லாதவை ஆயின. போனைத் திறக்கக் கட்டைவிரலை வைத்தேன். ‘அடையாளம் தெரியவில்லை’ என்றது. ஆறு வருடமாக என் சட்டைப் பையில் குடியிருக்கும் போன். மனைவி வந்து பார்த்து, “ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?” என்றாள்.

“எப்படி இருக்கு?”

“வாயைத் திறக்காமப் புலம்புற மாதிரி இருக்கு.”

கழற்றிவிட்டேன்.

அடுத்ததாக இணையத்தில் வாங்குவது என்று முடிவு செய்தேன். அந்தக் கடையின் பக்கத்தில் மொழியைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தது. தமிழை அழுத்தினேன். நல்ல தமிழில் ஒரே ஒரு கேள்வி கேட்டது: ‘உங்கள் முழங்கை அளவு என்ன?’

இந்த இடத்தில் வாசகர்கள் கொஞ்சம் எனக்காக இரங்க வேண்டும். நம் மொழியில் முழங்கை என்றால் மடங்குகிற மூட்டும் அதுதான், அங்கிருந்து நீளுகிற கையும் அதுதான். போதாததற்கு முழம் என்ற சொல் அதற்குள்ளேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. முழங்கை அளவு என்ன என்று ஒரு தமிழனைக் கேட்டால் அவன் என்ன செய்வான்? மேசையில் முழங்கையை ஊன்றி, கையை நீட்டி, மூட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை அளப்பான். நானும் அளந்தேன். அரசு முத்திரை இட்ட எஃகு அளவுகோலால் அளந்தேன். நாற்பத்தேழு சென்டிமீட்டர்.

சந்தேகத்துக்கு, அதே கடையில் முந்தின நாளே தனக்கு ஒரு ஜோடி கவசம் கேட்டிருந்த சம்பந்தியைக் கூப்பிட்டேன். நானாகக் கூப்பிட்டிருக்கக் கூடாது.

“சம்பந்தி, முழங்கை அளவு கேக்குறானே, நீங்க எவ்வளவு போட்டீங்க?”

“நாப்பத்தெட்டு” என்றார். குரலில் ஒரு நிமிர்வு. “உங்களுக்கு எவ்வளவு?”

என் கை அவர் கையைவிடக் குட்டை என்பது எனக்கு அதுவரை தெரியாது. இந்த வயதில் அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. மறுபடி அளந்தேன். இந்த முறை நகத்தையும் சேர்த்து, விரலைக் கொஞ்சம் சொடுக்கெடுத்த பிறகு அளந்தேன்.

“நாப்பத்தெட்டரை” என்றேன்.

அவர் போனை டக்கென்று வைத்துவிட்டார்.

நாற்பத்தெட்டரை என்று போட்டதும் திரை கொஞ்சம் யோசித்தது. பிறகு, ‘உங்களுக்கான அளவு கையிருப்பில் உள்ளது’ என்றது. உலகத்தில் எங்கோ அப்படி ஒரு முழங்கை உள்ள மனிதர் இருக்கிறார், அவருக்காகச் செய்ததில்தான் எனக்கும் ஒன்று கிடைத்தது என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். அன்று நினைக்கவில்லை. அன்று பெருமையாக இருந்தது.

பெட்டி வந்தது. கூரியர்காரர் இரண்டு கையாலும் தூக்கி வந்தபோதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். பிரித்து மேசைமேல் வைத்தேன். இரண்டும் யாருடைய துணையும் இல்லாமல் தாமாகவே நின்றன. உள்ளே கையை விட்டேன். அண்டாவுக்குள் கரண்டியை விட்ட மாதிரி இருந்தது.

“இது என்னங்க, யானைக்குக் காலுறையா?” என்றாள் மனைவி.

அந்தக் கம்பெனிக்கு போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். சாந்தமான குரல்.

“என்னம்மா இப்படி அனுப்பியிருக்கீங்க? நான் அளவு சரியாத்தானே கொடுத்தேன்?”

“நாப்பத்தெட்டரைன்னு போட்டிருக்கீங்க சார்.”

“ஆமா.”

“அவ்வளவு சுத்தளவா சார் உங்க கை?”

“இங்க பாருங்கம்மா, முப்பத்தோரு வருஷம் நான் அளவு...” என்று ஆரம்பித்தேன். அப்போதுதான் அவள் சொன்ன சொல் காதிலிருந்து மண்டைக்கு வந்து சேர்ந்தது. “என்ன அளவும்மா?”

“சுத்தளவு சார். முழங்கையைச் சுத்தி நாடா வச்சு எடுக்கறது.”

“ஓ.”

“சார்? நீங்க ஏதோ அளவுன்னு சொல்ல வந்தீங்களே?”

“ஒண்ணுமில்லம்மா. அளவாத்தான் பேசுவேன்னு சொல்ல வந்தேன்” என்று வைத்துவிட்டேன்.

கவசங்களைத் திருப்பி அனுப்ப வழியில்லாமல் போயிற்று. பக்கத்து வீட்டுப் பூனை அதற்குள் அதில் குடியேறிவிட்டது. வலது கவசத்தில் அது, இடது கவசத்தில் அதன் மூன்று குட்டிகள். இறுக்கவுமில்லை, நழுவவுமில்லை. அவை ஒரு நாளும் புலம்பி நான் பார்த்ததில்லை. என் மனைவியின் ஷரத்துகளை முதலில் நிறைவேற்றிய ஜீவன் அந்தப் பூனைதான்.

அன்று மாலை சம்பந்தி கூப்பிட்டார்.

“வந்துருச்சா?”

“வந்துருச்சு.”

“எப்படி இருக்கு?”

“கச்சிதம்” என்றேன்.

“எனக்கும் கச்சிதம்.”

“இறுக்கலையே?”

“இறுக்குறதா? போட்டிருக்கறதே தெரியலை சம்பந்தி.”

இதை மட்டும் நான் அப்படியே நம்பினேன்.

மூன்றாவது முறை அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, ஒரு முனையைப் பல்லில் கடித்து, இடது கையால் வலது கையைச் சுற்றி அளந்தேன். இருபத்தொன்பது. அந்த அளவில் ஒரு ஜோடி வாங்கினேன். வலது கையில் அது பிறவியிலேயே முளைத்தது போல உட்கார்ந்தது. மகிழ்ச்சியில் ஒரு தெரு சுற்றி வரலாம் என்று கிளம்பினேன். முதல் வேகத்தடையில் இடது கவசம் இரண்டு விரற்கடை இறங்கியது. இரண்டாவதில் பாதி வழி வந்தது. மூன்றாவதில் மணிக்கட்டுக்கு வந்து, கைப்பிடியோடு சேர்த்து என்னைப் பூட்டியது. முனையில் நின்ற போக்குவரத்துக் காவலர் என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, “பெரியவரே, எந்த ஸ்டேஷன்லேர்ந்து வர்றீங்க?” என்று கேட்டார். நான் ரயிலில் வரவில்லை என்று சொன்னேன். அவர் அந்த ஸ்டேஷனைக் கேட்கவில்லை.

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். மணிக்கட்டைப் பார்த்தாள். காலண்டர் பக்கம் மட்டும் ஒரு பார்வை பார்த்தாள். போட்டிக்கு மூன்று நாள் இருந்தது.

அன்று இரவு எனக்கு ஒரு விஷயம் தெளிவானது. எனக்கு அந்த வண்டி வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மலையிறக்கத்தில் கை பதற, காற்று கண்ணில் அடிக்க, முன்சக்கரம் எங்கே போகிறது என்பது தவிர வேறு எதுவும் மனத்தில் இல்லாத அந்த நான்கு நிமிடத்தில் மட்டும்தான் நான் எதையும் அளப்பதில்லை. அது போய்விட்டால் மறுபடியும் தண்ணீர்க் கேன், மருந்து மூடி, கூடத்தில் கோடு.

மறுநாள் காலை ஊரின் அந்தக் கோடியில் ஒரு சைக்கிள் கடை இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். மலை வண்டிகள் மட்டும் பழுது பார்க்கும் கடை. நடத்துபவர் ஒரு பெண்மணி. கிழிந்த டியூப் துண்டால் கொண்டையைக் கட்டியிருந்தார். ஒரு சக்கரத்தைச் சுழற்றிவிட்டு அதன் நெளிவை ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஹெல்மெட் அலமாரியருகே ஒருவர் எனக்கு முதுகைக் காட்டி நின்றார். என்னைக் கண்டதும் அவசரமாக ஒரு ஹெல்மெட்டை எடுத்துக் கண்ணை மறைக்கிற அளவுக்குக் கவிழ்த்துக்கொண்டார். அந்தப் பெரிய காதுகளை எனக்குத் தெரியும். என் பேரனுக்கும் அதே காதுகள்.

“சம்பந்தி!”

“அட, வாங்க வாங்க.” ஹெல்மெட்டைக் கழற்றினார். “என்ன இந்தப் பக்கம்?”

“சும்மா காத்தடிக்க வந்தேன். நீங்க?”

“நானும் காத்தடிக்கத்தான்.”

“வண்டி எங்க?”

“வீட்டுல. உங்க வண்டி?”

“அதுவும் வீட்டுலதான்.”

கடைக்காரப் பெண்மணி சக்கரத்தை நிறுத்தினார். “ரெண்டு பேரும் காத்தைக் கட்டி எடுத்துட்டுப் போகப் போறீங்களா?” என்றார்.

சம்பந்தியின் கையில் ஒரு பெட்டி இருந்தது. முழங்கைக் கவசம், நடுத்தர அளவு. அலமாரியில் இன்னொரு பெட்டி இருந்தது. பெரிய அளவு. நான் பாய்ந்து அதை எடுத்துக்கொண்டேன். கடையிலிருந்ததே அந்த இரண்டுதான்.

“கச்சிதமா இருக்குன்னு சொன்னீங்களே சம்பந்தி, அந்த ஜோடி?” என்று கேட்டேன்.

அவர் பெருமூச்சு விட்டார். “அதை எங்க வீட்டுல சோபாவோட கைக்கு மாட்டிட்டா. கைக்கு வாங்கினது கைக்கே போச்சு. உங்களுது?”

“வாடகைக்கு விட்டிருக்கேன்.”

“எங்க வீட்டுலயும் இப்ப அதே சட்டம்தான்” என்றார் குரலைத் தாழ்த்தி. “உங்க வீட்டம்மா போன்ல வாசிக்க வாசிக்க, எங்க வீட்டம்மா எழுதிக்கிட்டா. கவசம் இல்லாமப் போட்டிக்குப் போனா நான் திரும்பி வரவேண்டியதில்லையாம்.”

அப்போதுதான் எனக்கு அவர்மேல் ஒரு பாசம் வந்தது. பாசம் என்றால், ஒரே வார்டில் படுத்திருப்பவர்களுக்குள் வருமே, அது.

இருவரும் பெட்டியைப் பிரித்துப் போட்டுப் பார்த்தோம். எனக்கு வலது கையில் பெரியது அமர்ந்தது, இடது கையில் தொளதொளத்தது. அவருக்கு வலது கையில் நடுத்தரம் அமர்ந்தது, இடது கையில் ஏறவே இல்லை. “கம்பெனிக்காரன் ஏமாத்துறான்” என்றேன். “ஒரு கைக்குச் செய்றான், இன்னொரு கைக்குச் செய்யாம விட்டுடறான்” என்றார் சம்பந்தி. முதல் தடவையாக எங்களுக்குள் கருத்து ஒற்றுமை ஏற்பட்டது.

கடைக்காரப் பெண்மணி எழுந்து வந்தார். எண்ணெய்க் கையைத் துடைத்தார். “கையைக் கொஞ்சம் மடக்குங்க. இவ்வளவு இல்ல, ஹேண்டில் புடிக்கிற மாதிரி” என்று என் வலது கையைச் சுற்றி அளந்தார். இருபத்தொன்பது. பிறகு யாரும் கேட்காமலேயே இடது கையையும் அளந்தார். இருபத்தாறு.

“ஐயா, உங்க ரெண்டு கையும் ஒரே அளவுன்னு உங்களுக்கு யார் சொன்னது?”

கை ஆளுக்கு ஆள் மாறும் என்று முப்பத்தோரு வருடம் ஊருக்குச் சொன்னவன், ஓர் ஆளுக்குள்ளேயே மாறும் என்பதைச் சரிபார்த்ததே இல்லை. மாவுக்கட்டுக்குள் இரண்டு மாதம் கிடந்த இடது கை இளைத்துப்போயிருந்தது.

சம்பந்தியை அளந்தார். இடது இருபத்தொன்பது, வலது இருபத்தாறு.

“இடது கைக்காரரா?”

“ஆமா” என்றார் சம்பந்தி. “முப்பது வருஷம் பல் புடுங்கின கை.” சட்டைக் கையை இன்னும் கொஞ்சம் மேலே சுருட்டிக் காட்டினார்.

“அப்ப சரி” என்று அந்த அம்மாள் எங்கள் இருவர் மடியிலிருந்தும் கவசங்களைப் பறித்தார். உள்பக்கம் இடது, வலது என்று எழுதியிருந்ததைப் பார்த்துப் பிரித்தார். நடுத்தரத்தின் இடதும் பெரியதின் வலதும் என் மடியில் விழுந்தன. மீதி இரண்டும் சம்பந்தியிடம் போயின. “உங்க ரெண்டு பேரையும் சேர்த்தாத்தான் ரெண்டு ஜோடி ஆகுது. யாராவது ஒருத்தர் மாட்டேன்னா ரெண்டு பேரும் வெறுங்கையோட போங்க.”

சம்பந்தி பெரியதின் இடதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். அவர் என்ன யோசித்தார் என்பது எனக்குத் தெரியும். அவர் மறுத்தால் என் வண்டி அவருக்கு. ஆனால் கவசமில்லாமல் அதைப் போட்டியில் ஓட்டினால் அவருக்குத் திரும்பிப் போக வீடு இருக்காது.

“சரி, நீங்க முதல்ல அந்த நடுத்தரத்தைப் போடுங்க” என்றார்.

“இல்ல, நீங்க முதல்ல பெரிசைப் போடுங்க.”

“ரெண்டு பேரும் சேர்ந்து போடுங்கய்யா” என்றார் கடைக்காரப் பெண்மணி.

போட்டோம். கையை நீட்டினேன், மடக்கினேன், உதறினேன், சுவரில் குத்தினேன். நகரவில்லை. இறுக்கவில்லை. வியர்வை கூட வழி கேட்டுக்கொண்டுதான் போயிற்று. சம்பந்தி கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் இரு குடும்பங்களுக்கும் இடையில் ஐந்து வருடத்தில் கண்ட முதல் பொருத்தம் அது.

ஞாயிற்றுக்கிழமை காலை குன்றின் உச்சியில் பதினான்கு பேர் நின்றோம். எல்லாருடைய வயதையும் கூட்டினால் அந்தக் குன்றைவிட அதிகம் வரும். விசில் ஊதியதும் இறங்கினோம். காட்டுப்பன்றி எதுவும் வரவில்லை, வந்திருந்தாலும் ஒதுங்கித்தான் நின்றிருக்கும். பாதி வழியில் என்னை உடைத்த அந்த வேர் வந்தது. அதே இடத்தில், அதே திமிரோடு, பாதையின் குறுக்கே கிடந்தது. எனக்குள் ஓர் அமைதி பரவியது. ‘வா’ என்றேன் அதனிடம். ‘இன்று இரண்டு முழங்கையும் தயார்.’ முன்சக்கரம் ஏறியது. வண்டி எழும்பியது. அதன் பிறகு நடந்ததை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

நான் விழவில்லை.

வண்டி அந்தப் பக்கம் பூப்போல இறங்கி, தன் வழியில் போயிற்று. அடிவாரத்தில் பதின்மூன்றாவதாக வந்தேன். பன்னிரண்டாவதாக வந்தவர் சம்பந்தி. பிரேக் யோசித்துக்கொண்டிருந்ததால் எல்லைக்கோட்டைத் தாண்டி இன்னும் நூறு அடி போய்த்தான் நின்றார்.

மனைவியும் மருமகளும் தண்ணீரோடு ஓடி வந்தார்கள். மருமகள் என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. கவசத்தில் தூசிகூட இல்லை.

“சூப்பர் மாமா!” என்றாள்.

“என்ன சூப்பர்?” என்றேன். என் நாக்கு எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. “அஞ்சு வாரம் அலைஞ்சிருக்கேன். ஒரு ஜோடி கையை நசுக்குச்சு, ஒரு ஜோடியில பூனை குட்டி போட்டுச்சு, ஒரு ஜோடி என்னைக் கைதி ஆக்குச்சு. கடைசியில இவ்வளவு கச்சிதமா ஒண்ணு கிடைச்சுது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை விழுந்திருந்தா இதுக்கு ஒரு அர்த்தம் இருந்திருக்கும். எல்லாம் வீணாப் போச்சே!”

மனைவி தண்ணீர் பாட்டிலின் மூடியை நிதானமாகத் திருகி மூடினாள்.

“கவசம் கையில இருக்கா?”

“இருக்கே.”

“நழுவுச்சா?”

“இம்மி நகரலை.”

“இப்ப நீங்க பண்ணது என்ன?”

நான் மருமகளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். “புலம்பல்தான் மாமா” என்றாள் மெதுவாக.

“இது புலம்பல் இல்லம்மா. ஒரு கருத்து.”

“போட்டுக்கிட்டுப் புலம்பக் கூடாதுன்னு சொன்னேன்” என்றாள் மனைவி. “எதைப் பத்தின்னு நான் சொல்லலை. அதை வேணும்னேதான் விட்டேன்.”

சம்பந்தி நூறு அடி தூரத்திலிருந்து இதைக் கேட்டுவிட்டார். அவருக்குக் காது பெரிது என்று முன்பே சொன்னேன். தன் வண்டியை அங்கேயே ஒரு மரத்தில் சாய்த்துவிட்டு, நடந்து வந்து, என் வண்டியின் கைப்பிடியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “வருத்தப்படாதீங்க சம்பந்தி” என்றார். சொன்ன வாயெல்லாம் பல்.

நான்கு நாள் வீட்டில் மனைவிக்கு அருகில் போகவில்லை. ஐந்தாம் நாள் சம்பந்தி போன் செய்தார்.

“வண்டி அருமை சம்பந்தி. ஆனா சீட்டு எனக்கு உயரமா இருக்கு. மேனுவலைப் பார்த்து நானே இறக்கிடலாம்னு பார்க்குறேன். தமிழ்ல நல்லா எழுதியிருக்கான். ‘உங்கள் கால் அளவுக்கு ஏற்ப இருக்கையின் உயரத்தை அமைக்கவும்’னு போட்டு, பக்கத்துல ஒரு அட்டவணை.”

“அப்படியா?”

“போன தடவை முழங்கையில பட்டாச்சு. திரும்ப அதே தப்பைப் பண்ணுவேனா? இந்தத் தடவை நாடாவை எடுத்துத் தொடையைச் சுத்திக் கச்சிதமா அளந்துட்டேன். ஐம்பத்திரண்டு. கால் அளவுன்னா சுத்தளவுதானே? நீங்க அந்தத் துறையிலயே இருந்தவர், அதனாலதான் ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு...”

நான் பொய் சொல்லவில்லை. அதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன். மேசைமேல் இருந்த எஃகு அளவுகோலை மெல்ல இழுப்பறைக்குள் தள்ளினேன். பிறகு, “நீங்க படிச்சவர் சம்பந்தி. உங்களுக்கு நான் என்ன சொல்றது?” என்றேன். இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

ஒன்பதாம் நாள் காலை வாசலில் மணி அடித்தது. சம்பந்தி என் வண்டியைத் தள்ளிக்கொண்டு நின்றார். ஓட்டி வரவில்லை. ஒரு முட்டியில் பிளாஸ்திரி, இரண்டு காதும் சிவந்திருந்தன.

“இந்த வண்டி எனக்கு ஒத்து வரலை” என்றார். “மிதிக்கும்போது முட்டி காதுல இடிக்குது. அட்டவணைப்படி இருபது தடவை சரிபார்த்துட்டேன், தப்பு எதுவுமில்ல. வண்டியிலதான் கோளாறு. நீங்களே வச்சுக்கங்க.”

இருக்கை வண்டியின் சட்டத்தோடு ஒட்டிக் கிடந்தது.

மனைவி அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். அவர் போன பிறகு என்னை உற்றுப் பார்த்தாள்.

“அவர்கிட்ட ஏதாவது சொன்னீங்களா?”

“ஒண்ணுமே சொல்லலைம்மா.”

அவள் வெகுநேரம் யோசித்தாள். தன் மூன்று ஷரத்தையும் முன்னும் பின்னும் படித்துப் பார்க்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. வண்டி சம்பந்தி வீட்டுக்குப் போகும் என்று சொல்லியிருந்தாள், போயிற்று. அது திரும்பி வரக் கூடாது என்று எங்கும் சொல்லவில்லை. இருபத்தாறு வருட அனுபவத்தில் இப்படி ஓர் ஓட்டை விட்டதற்காக அவள் தன்மேலேயே கோபமாக உள்ளே போனாள்.

நான் கவசங்களை மாட்டிக்கொண்டேன். இடது கையில் நடுத்தரம், வலது கையில் பெரியது. எஃகு அளவுகோலை எடுத்து என் காலைப் பாதத்திலிருந்து மேலே நீளமாக அளந்தேன். இருக்கையை ஏற்றி, திருகை இறுக்கினேன். வெளியே வெயில் கொளுத்தியது, பின்சக்கரத்தில் காற்று குறைவாக இருந்தது, செயினில் எங்கோ கிறீச்சென்று ஒரு சத்தம் வேறு.

நான் வாயே திறக்கவில்லை.